பல்லில்லாத மனைவி

"முதல்ல இதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் நின்ற நிலையிலேயே வாயை அகலத் திறந்தாள்.

ஓட்டைவாய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். துப்பறியும் நிறுவனத்துக்கு வருகிறவர்கள் போட்டோவைக் காட்டுவார்கள், கண்ணீரைக் காட்டுவார்கள். வந்ததும் பல்லைக் காட்டியது இவள்தான் முதல் ஆள்.

"பல் டாக்டர் கீழ் மாடிங்க. அவர் பிடுங்கறது பல்லு, நாங்க பிடுங்கறது உண்மை" என்றான்.

"நீ வாயை மூடு" என்றாள் அத்தை. "அம்மா, நீ திறந்தே வச்சுக்க."

அத்தை என்பது அவனுக்கு மட்டும்தான் உறவுமுறை. மற்றவர்களுக்கு அது பெயர் மாதிரி. காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் விசாரணை வேலை பார்த்து, செத்துப்போனதாகச் சொல்லிப் பணம் கேட்டவர்களை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தவள். ஓட்டைவாய் அவளுடைய அண்ணன் மகன். வயது முப்பத்தைந்து, தலைமுடி விடைபெறத் தொடங்கியிருந்தது. வாயால் பல வேலைகளை இழந்தவன். ரகசியம் காக்கத் தெரியாதவனை எதற்குத் துப்பறியும் வேலையில் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், "இவன் பேசறதைக் கேட்டா எதிராளிக்கும் பேச ஆசை வந்துடும்" என்பாள் அத்தை.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "எல்லாப் பல்லும் இருக்கு. ஒரு சொத்தைகூட இல்லை. இதுல என்ன குறை?"

"குறையே இல்லாததுதான் மேடம் குறை" என்றபடி அந்தப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த வயிறு.

அவள் ஒரு சிப்பாயின் மனைவி. கணவன் மலையுச்சிக் காவல் முகாமில் இருந்தான். வானிலை மனசு வைத்தால்தான் அங்கிருந்து போன் வரும். இவள் குளிர்சாதனப் பெட்டி விற்கிற கம்பெனியில் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, ராணுவக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். நாள் முழுக்கத் திட்டு வாங்கி வாங்கி, எந்தத் துயரத்தையும் ஒரே சீரான குரலில் சொல்லப் பழகியிருந்தாள்.

"போன வாரம் ஈறுல ரத்தம் வந்துச்சு. ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்யாணமாகி இத்தனை நாள்ல அப்பதான் முதல் தடவையா அந்தக் கார்டைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, இந்தக் கார்டுக்காரங்களுக்கு ஆறு மாசம் முன்னாடியே எல்லாப் பல்லையும் எடுத்துட்டு, மேல கீழ முழு செட்டு கட்டியாச்சுன்னு சொன்னாங்க."

"பல்லு இருக்கேன்னு காட்டலையா?"

"காட்டினேனே. அதுதான் வினையாப் போச்சு. 'பதிவுப்படி அவங்களுக்குப் பல்லு இல்லை. உங்களுக்கு இருக்கு. அப்ப நீங்க அவங்க இல்லை'ன்னு கார்டைப் பிடுங்கிட்டாங்க. மறுநாள் நல அலுவலர்கிட்ட இருந்து உத்தரவு. நான் ஆள்மாறாட்டக்காரியாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம். பிரசவத்துக்குப் பதிஞ்சு வச்சிருந்த படுக்கையும் ரத்து."

"கல்யாணப் பத்திரம்?" என்றான் ஓட்டைவாய்.

"கொண்டு போனேன். 'கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் இருக்கும்மா, பல்லு போனதுக்கு ஆதாரம் இல்லையே'ன்னாரு."

"இந்த வயித்தைப் பாத்துமா?"

"வயிறு வேற துறையாம்."

ஓட்டைவாய் வாய்விட்டுச் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. "இன்னும் ஏதோ இருக்கு. சொல்லு."

அந்தச் சீரான குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "குடியிருப்புல எல்லாரும் பேசறாங்க மேடம். அவருக்கு வேற சம்சாரம் ஒருத்தி இருக்காளாம். என் கார்டைக் கொடுத்து அவளுக்குத்தான் பல்லு கட்டினாராம்."

"பல்லில்லாத சக்களத்தியா!" என்றது ஓட்டைவாயின் வாய். அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வீடு போனா வேற வீடு பாத்துக்குவேன். அவர் அப்படிப்பட்டவரா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"வீடு ஏன் போகணும்?" என்றாள் அத்தை. "அது யாரும் போட்ட பிச்சையா?"

நல அலுவலகத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. 'நன்றி தெரிவிப்போர்' என்ற பலகைக்குக் கீழே மின்விசிறியும் மெத்தை நாற்காலிகளும் ஆளில்லாமல் கிடந்தன. 'குறை தெரிவிப்போர்' பலகைக்குக் கீழே உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. கூட்டம் வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. அத்தை நேராக நன்றி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். உடனே உள்ளே கூப்பிட்டார்கள்.

நல அலுவலர் சீருடைக்காரர் அல்ல. இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, நரைத்த மீசை. சிரிப்பு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

"நான் அந்தப் பொண்ணுக்கு அத்தை" என்றாள் அத்தை. பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத உறவுமுறை அது என்று ஓட்டைவாய் நினைத்துக்கொண்டான்.

"வருத்தமான விஷயம்தாம்மா" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து. "என் கொள்கை என்ன தெரியுமா? சிப்பாயின் சம்சாரத்துக்குச் சேர வேண்டிய சகல சலுகைகளும் சிந்தாமல் சிதறாமல் சென்று சேரணும். எல்லா மேடையிலும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா போலிகளை விட்டுட முடியுமா?"

டீ வந்தது. அவர் பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கி, அது நனைந்து தொங்குகிற கட்டத்தில் லாவகமாக வாய்க்குள் விட்டுக்கொண்டார்.

"கார்டை ரத்து பண்றதுக்கு முன்னாடி அந்த மனைவியைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு விதி இருக்கே?" என்றாள் அத்தை.

"இருக்கு. ஆனா அது மனைவிக்கு உள்ள உரிமை. அவங்க மனைவியே இல்லைன்னு நான் முடிவு பண்ணின பிறகு அந்த உரிமை அவங்களுக்கு எப்படி வரும்?"

"மனைவியா இல்லையான்னு விசாரிக்காம எப்படி முடிவு பண்ணினீங்க?"

"விசாரிக்கப்படற உரிமை அவங்களுக்கு இல்லையே, அதனால விசாரிக்காம முடிவு பண்ணினேன்."

ஓட்டைவாய்க்குத் தலை சுற்றியது. கோழி முதலா முட்டை முதலா என்று கேட்டவர்களை இங்கே அனுப்பியிருந்தால், இரண்டையுமே ரத்து செய்திருப்பார் இந்த மனிதர்.

"இன்னொண்ணு பாருங்க" என்று ஒரு மாதிரிக் கார்டை எடுத்துக் காட்டினார். "முன்னெல்லாம் இதுல 'மனைவி'ன்னு அச்சடிச்சிருக்கும். இப்ப பெண்களும் படையில இருக்காங்க, அவங்களுக்குப் புருஷன் இருக்காரு. அதனால நான்தான் போராடி, பேர் போடாம நம்பரும் 'துணை'ங்கற வார்த்தையும் மட்டும் இருக்கட்டும்னு மாத்த வச்சேன். ஆணா பெண்ணான்னு இனிமே ஒருத்தரும் கேக்கவே முடியாது. சமத்துவம்!"

"ரொம்ப வசதி" என்றாள் அத்தை. "உங்களுக்கும் அந்த ஆஸ்பத்திரியிலதானே வைத்தியம்?"

சிரிப்பு கொஞ்சம் வாடியது. "எனக்கா? நான் சிவில் ஆளு. ஒரு தலைவலி மாத்திரை கிடையாது. பந்தி பரிமாறுறவன் பட்டினிங்கற கதைதான்."

"அடப் பாவமே" என்று அத்தை உண்மையிலேயே பாவப்பட்டாள். மறுநாள் துணைவர் நலக் கூட்டம், பிரிகேடியரே தலைமை தாங்குகிறார், பார்வையாளர்களாக வரலாம் என்று அவர் அழைத்தார். பல் பாதுகாப்பு பற்றி யாராவது நாலு வார்த்தை பேசினால் பொருத்தமாக இருக்குமே என்றாள் அத்தை. நல்ல யோசனை, ஆளை நீங்களே பார்த்து அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பிஸ்கட்டை முக்கினார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பல்லைக் கட்டிய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பின்னறையில் பல் செட் செய்கிறவர் மட்டும் இருந்தார். தன்னைப் பல் சிற்பி என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க சுண்ணாம்பில் வார்த்த வாய்கள். இத்தனை வாய் இருந்தும் சத்தமே இல்லாத இடத்தை ஓட்டைவாய் அதுவரை பார்த்ததில்லை.

"கடவுளுக்கு அடுத்தபடியா பல்லு படைக்கிறது நீங்கதான்னு வெளியில பேசிக்கிறாங்க" என்று ஆரம்பித்தான்.

"கடவுள் ரெண்டு தடவை கொடுத்தும் நிக்கலைன்னுதானே என்கிட்ட வர்றாங்க" என்றார் சிற்பி. அதற்குப் பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கார்டு எண்ணைச் சொன்னதும் ஒரு அச்சை எடுத்துத் தூசி தட்டினார்.

"இதுவா? என் வாழ்நாள் வேலைங்க. எல்லாப் பல்லும் வரிசையா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும். அதனால இடது கோரைப் பல்லை ஒரு நூல் திருப்பி வச்சேன். பாத்தா பொறந்ததுல இருந்து இருக்கிற பல்லுன்னு சத்தியம் பண்ணுவீங்க."

"அந்தம்மா எப்படி இருப்பாங்க?" என்றாள் அத்தை.

"நான் ஆளைப் பாக்கறதில்லைம்மா. டாக்டர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல பலகைத் தடுப்பு. அச்சு மட்டும் உள்ள வரும். பெரிய தாடை. நல்ல உயரமான அம்மான்னு நினைச்சுக்கிட்டேன்."

"குரல் கேட்டிருக்குமே?"

"அம்மா வாயே திறக்கலை. கூட வந்த வீட்டுக்காரர்தான் பேசினாரு."

"பல்லு கட்ட வந்த இடத்துல வாயே திறக்காத சம்சாரமா? கொடுத்து வச்ச மனுஷன்" என்றான் ஓட்டைவாய். அத்தை பார்த்த பார்வையில் அவனுடைய பல்லெல்லாம் கூசியது.

"அவர் என்ன பேசினாருன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. முதல்ல செட்டு சரியா உக்காரலை. 'ச' வந்தா விசில் அடிச்சுது." சிற்பி உதட்டைக் குவித்து நடித்தே காட்டினார். "'ஷ்ஷிப்பாயின் ஷ்ஷம்சாரத்துக்குச் ஷ்ஷேர வேண்டிய ஷ்ஷகல ஷ்ஷலுகைகளும்...' உள்ள வாங்கி அரத்தால ராவிக் கொடுத்தேன். மறுபடியும் விசில். இன்னும் ராவினேன். கடைசியில மணி மாதிரி கணீர்னு வந்துச்சு பாருங்க, நானே கைதட்டிட்டேன்."

ஓட்டைவாய் துள்ளி எழுந்தான். "நல அலுவலர்!"

வெளியே வருவதற்குள் அவன் முழுக் கதையையும் கட்டி முடித்துவிட்டான். "விஷயம் வெட்ட வெளிச்சம் அத்தை. சிப்பாய்க்கு வேற ஒருத்தி இருக்கா. உயரமானவ, பல்லில்லாதவ. அலுவலரும் அவனும் கூட்டு. அவளை ரகசியமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தது அந்த ஆளுதான்."

"போன வாரம் செருப்பு வாங்கினியே, கடையில போட்டு நடந்து பாத்தது யாரு?"

"நான்தான்."

"ஏன், என்னை நடந்து பாக்கச் சொல்லலாம்ல?"

"என் செருப்பைப் போட்டு நீங்க ஏன் நடக்கணும்?"

"அதான்" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி உள்ளே போனாள், சிற்பியைக் கூட்டத்துக்கு அழைக்க. அந்தச் சுண்ணாம்பு அச்சையும் கையோடு கொண்டுவரச் சொன்னாள்.

ஓட்டைவாய்க்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைப் புரியாததாகவே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் சிப்பாயின் மனைவி போன் செய்து "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டபோது, அவன் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "ஒரு பொம்பளை வந்திருக்காங்க. நல அலுவலர்தான் கூட்டிட்டு வந்திருக்காரு."

மறுமுனையிலிருந்து அந்தக் கம்பெனிக் குரல், துளி ஈரமில்லாமல் வந்தது. "உங்கள் தகவலுக்கு நன்றி." இணைப்பு துண்டானது.

அவன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் எத்தனையோ உளறியிருக்கிறான்; எதிராளி கத்துவார்கள், திட்டுவார்கள், அத்தோடு கணக்கு நேராகிவிடும். நன்றி சொன்னவர்கள் யாருமில்லை.

மறுநாள் கூட்ட மண்டபத்தில் மனைவிமார்கள் நிறைந்திருந்தார்கள். பின்வரிசையில் கையில் குழந்தையோடு இரண்டு மூன்று புருஷன்மார்களும் இருந்தார்கள். மேடையில் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு பிரிகேடியர், பக்கத்தில் நல அலுவலர், ஓரத்தில் சுண்ணாம்பு அச்சை மடியில் வைத்துக்கொண்டு பல் சிற்பி. சிப்பாயின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். ஓட்டைவாயை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நல அலுவலர் மைக்கைப் பிடித்தார். "சிப்பாயின் சம்சாரத்துக்குச் சேர வேண்டிய சகல சலுகைகளும் சிந்தாமல் சிதறாமல்..."

ஒரு விசில் இல்லை, ஒரு பிசிறு இல்லை. மணி மாதிரி கணீரென்று வந்தது.

சிற்பியின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. எழுந்தார். மேடையில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அலுவலருக்கு அருகே போய், குனிந்து அவர் வாயைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"கொஞ்சம் சிரிங்க."

அலுவலர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்.

"ஐயோ! இது என் பல்லு!" மைக் அந்தக் கூச்சலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. "அந்தக் கோரைப் பல்லைப் பாருங்க! ஒரு நூல் திரும்பியிருக்கு பாருங்க! அம்மாவுக்குச் செஞ்சது உங்க வாயில என்ன பண்ணுது?"

ஓட்டைவாய் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். செருப்பு! போட்டுப் பார்க்கிறவன்தான் நடப்பான். பல் கட்டிக்கொள்கிறவன்தான் பேசிப் பார்ப்பான். கூட வந்த வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை. வாயே திறக்காத அம்மாவும் இல்லை. வந்தது ஒரே ஒரு ஆள். கார்டில் பெயர் இல்லை, 'துணை' என்றுதான் இருந்தது. யாரோ பெண் அதிகாரியின் புருஷன் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் பல்லைக் கட்டிவிட்டார்.

"என்ன ஷ்ஷார் இது, ஷ்ஷதி!" என்று அலுவலர் பாய்ந்தார். ஆவேசத்தில் மேல் செட் இடம் பெயர்ந்து, விசில் திரும்பி வந்துவிட்டது. முன்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு பின்வரிசையை எட்டியபோது கூரை அதிர்ந்தது.

அத்தை மேடையேறி, சுண்ணாம்பு அச்சை பிரிகேடியர் முன்னால் வைத்தாள். "அந்த செட்டைக் கழட்டி இதுல பொருத்திப் பாருங்க சார். பொருந்தலைன்னா நான் மன்னிப்புக் கேக்கறேன்."

பிரிகேடியர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குமேல் பொருத்திப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"இவர் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்காரு" என்றாள் அத்தை. "பல்லுதான் ஆதாரம். பதிவுல இருக்கிற பல்லு யாருக்கு இருக்கோ, அவங்கதான் அந்தச் சிப்பாயோட துணை. அந்தப் பல்லு இவர்கிட்டதான் இருக்கு. அப்படின்னா இவர்தான் சிப்பாயோட சம்சாரம்."

சிரிப்பு ஓய்வதற்குள் சிப்பாயின் மனைவி எழுந்து நின்றாள். இந்த முறை அது கம்பெனிக் குரலாக இல்லை.

"அப்ப அவர் போன் பண்ணினா நீங்களே எடுங்க. லீவு மறுபடியும் தள்ளிப் போயிடுச்சுன்னு சொல்லுவாரு. அழாம கேட்டுக்கங்க. இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த மாசம் பிரசவ வலி வரும், அதுக்கும் நீங்களே போங்க. படுக்கை இல்லைன்னு சொல்லுவாங்க. வயிறு வேற துறைன்னு சொல்லுவாங்க. சலுகை மட்டும் உங்களுக்கா?"

அலுவலர் நாற்காலியில் சரிந்தார். "பதினெட்டு வருஷமா எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன்" என்று முனகினார். "எனக்குன்னு ஒரு பல்லு கிடையாது. அந்தம்மா கார்டை ஒரு தடவைகூட உபயோகிக்கலை. வீணாப் போகுதேன்னு அதே நம்பர்ல எனக்கும் ஒரு கார்டு போட்டுக்கிட்டேன்..."

"மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் அவங்களையே வீணாக்கப் பாத்தீங்க" என்றான் ஓட்டைவாய். அன்று அவன் வாய் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பிரிகேடியர் தொண்டையைச் செருமினார். விஷயம் வெளியே போகுமுன் முடித்துவிடும் அவசரம் முகத்தில் தெரிந்தது. "அம்மா, உங்க கார்டு இப்பவே கிடைக்கும். வீட்டிலயும் நீங்க இருக்கலாம். பிரசவத்துக்குத் தனி அறையே கொடுக்கச் சொல்றேன். சிறப்புச் சலுகையா வச்சுக்கங்க."

"சலுகை வேண்டாம் சார்."

"வேற என்ன வேணும்?"

"விசாரிக்காம யாரோட கார்டையும் எடுக்கக் கூடாது, யாரையும் வீட்டை விட்டு அனுப்பக் கூடாதுன்னு விதி ஏற்கெனவே இருக்காம். இந்த மேடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதை மைக்கில படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அதுக்கெல்லாம் முறை இருக்கும்மா. கூட்டம் முடிஞ்சுது."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் உட்கார்ந்தாள். வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். முந்தின நாள் வரைக்கும் பல்லில்லாத சக்களத்தியைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்கள்தான் இவர்களில் பாதிப் பேர். இப்போது ஒருத்தி எழுந்து, "என் கார்டையும் காரணம் சொல்லாம நிறுத்தி வச்சிருக்காங்க சார்" என்றாள். பின்வரிசையிலிருந்து குழந்தையோடு ஒரு புருஷன், "எனக்கும்தான்" என்றார்.

பிரிகேடியர் எத்தனையோ எதிரிகளைச் சுற்றி வளைத்திருப்பார். சுற்றி வளைக்கப்பட்டால் என்ன செய்வது என்று அவருடைய பயிற்சியில் இல்லை போலிருக்கிறது. விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார். படித்தார். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இன்னொரு முறை சத்தமாகப் படித்தார். நிறுத்தி வைத்த கார்டுகளை எல்லாம் அந்த மாதத்துக்குள் விசாரித்துத் திருப்பிக் கொடுப்பதாக அவர் சொன்ன பிறகுதான் மண்டபம் எழுந்தது.

நல அலுவலரின் பல் செட் சாட்சிப் பொருளாகப் பறிமுதல் ஆனது. அது இல்லாமல் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் பாதி வார்த்தைகள் எழுத்தருக்குப் பிடிபடவில்லை. அந்த செட்டுக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பல் சிற்பி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வாசல் படிக்கட்டில் சிப்பாயின் மனைவி கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைவாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

"நேத்து நான் போன்ல சொன்னது... தப்பு."

"தெரியும்" என்றாள். பையை மூடிவிட்டு, "நம்பினது என் தப்பு. ராத்திரி முழுக்க அவரைத் திட்டித் தீத்துட்டேன். மனசுக்குள்ளதான்" என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. மலையுச்சியில் வானிலை மனசு வைத்திருந்தது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ, ஹலோ" என்று ஒரு குரல் காற்றின் இரைச்சலுக்கு மேலே கத்தியது படிக்கட்டு வரை கேட்டது.

"உங்க மேல ரொம்பக் கோபமா இருந்தேன்" என்றாள் ஒருவழியாக. "எதுக்குன்னு கேக்காதீங்க."

அந்தப் பக்கம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மன்னிச்சுக்க. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்றது.

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"என்ன குத்தம்னே தெரியாம ஒத்துக்கறானே மனுஷன்" என்றான் ஓட்டைவாய்.

"புருஷனா இருந்து பழக்கப்பட்டவன்" என்றாள் அத்தை. "வா, அவங்க பேசட்டும்."